ஜானிக்கு முன்னால் மோட்சார்ட்

ஓசூர்ப் பக்கம் மெல்லிசைக் கச்சேரி நடந்தால் மேடைக்குக் கீழே ஓரமாக ஒருவர் நிற்பார். சீட்டு வாங்குவதுதான் அவர் வேலை. கூட்டத்திலிருந்து கைமாறிக் கைமாறி வரும் சீட்டுகளைப் பிரித்துப் படித்து, அடுக்கி, கீபோர்டுக்காரரிடம் நீட்டுவார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், கேன்டீன் டோக்கன், தேதி கிழித்த காலண்டர் தாள் என்று எதில் வேண்டுமானாலும் எழுதியிருக்கும். பொதுவாகச் சீட்டு என்றால் பாட்டின் பேர் இருக்கும், கீழே விரும்பிக் கேட்பவர்கள் என்று நாலைந்து பேர் இருக்கும். எங்கள் பக்கத்தில் அதோடு விடமாட்டார்கள். "ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் அந்தக் கன்னடப் பாட்டோட பல்லவியை ஒரு தடவை தொட்டுட்டு வாங்கண்ணா" என்று எழுதியிருப்பார்கள். எந்த இடத்தில் நுழைவது, எந்த இடத்தில் வெளியே வருவது என்று வழியும் சொல்லியிருப்பார்கள்.

1980களின் கடைசியிலிருந்து இந்தச் சீட்டுகளைப் பிரித்துப் படித்தவன் நான். பகலில் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் கிரைண்டிங் மெஷின், ராத்திரியில் மேடையில் கீபோர்டு. நாலைந்து பாட்டைக் கோத்துப் பாடினால் அதை மெட்லி என்போம். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றை ஒரு மூச்சுக்கு உள்ளே கொண்டுவந்து, பழைய பாட்டுக்கே திரும்பினால் அது பிட். மெட்லியை நாங்களே வீட்டில் உட்கார்ந்து தயாரிப்போம். பிட் பெரும்பாலும் கூட்டத்திலிருந்து வந்தது. கச்சேரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடினவரையும் இசையமைத்தவரையும் எழுதுகிறார்கள். எந்தப் பாட்டோடு எந்தப் பாட்டு சேரும் என்று ஷிப்டில் நின்றபடியே யோசித்து, சீட்டெழுதி அனுப்பியவர்களைப் பற்றி யாராவது எழுதி நான் படித்ததில்லை. அந்த ஒட்டு அவர்கள் செய்த இசை. அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ராக் கேட்கிற பையன்கள் இதைக் கேட்டால் உடனே யூ2 பேரைச் சொல்வார்கள். நியாயம்தான். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த லைவ் எய்ட் கச்சேரியில் அந்தக் குழு "பேட்" என்ற பாட்டைப் பாடியது. பாடகர் போனோ பாட்டின் நடுவே மேடையிலிருந்து கீழே இறங்கிப்போய்க் கூட்டத்தில் ஒரு பெண்ணோடு ஆடினார். பாட்டு பன்னிரண்டு நிமிஷத்துக்கு நீண்டுவிட்டது. அதற்குள் லூ ரீட் பாட்டுகளில் இரண்டையும் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுகளில் இரண்டையும் துண்டு துண்டாகப் பாடிவிட்டார். மூன்று பாட்டு பாட வந்தவர்கள் இரண்டோடு நிறுத்த வேண்டியதாயிற்று. அன்றைக்குக் குழுவில் மற்றவர்களுக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைத்தான். அடுத்த ஊரில் எந்தப் பாட்டின் துண்டு வரும், எதை எதோடு சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று அவர்களுடைய ரசிகர்கள் இன்றைக்கும் கூடிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு எங்கள் சீட்டுகள்தான் கண்ணில் நின்றன.

ஆனால் லண்டனிலிருந்து எங்களுக்கு இது வரவில்லை. லைவ் எய்டை ஓசூரில் யார் பார்த்தார்கள்?

எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது முதலில் கூத்து. கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். ராஜா வேஷம் கட்டினவர் தரு என்கிற தன் பாட்டைப் பாடி முடித்து மூச்சு வாங்குகிற நேரத்தில் கோமாளியான கட்டியக்காரன் உள்ளே வருவான். அந்த வருஷம் ஓடின சினிமாவிலிருந்து ஒரு மெட்டை எடுத்து, அஸ்தினாபுரத்து சமாச்சாரத்தை அதில் வைத்துப் பாடுவான். தூங்கி விழுந்த சனம் எழுந்து உட்காரும். அடுத்த நொடி ராஜா பழைய ராகத்தைப் பிடித்துக்கொள்வார். உள்ளே போவதும் வெளியே வருவதும் எப்படி என்று நான் பார்த்த முதல் பாடம் அதுதான். எந்த ஊரில் தெலுங்கு மெட்டு போடலாம், எந்த ஊரில் கன்னட மெட்டு போடலாம் என்று கட்டியக்காரனுக்குத் தெரியும்.

இன்னும் பின்னால் போனால் முத்துசுவாமி தீட்சிதர் இருக்கிறார். சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பட்டாளத்து பேண்டு வாசித்த மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். நாற்பதை ஒட்டி இருக்கும் அந்தப் பாட்டுகளை நோட்டுஸ்வரம் என்பார்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டில் சியாமளா தேவியைப் பாடியிருக்கிறார். பட்டாளத்து மெட்டைத் தூக்கி அம்பாள் சன்னதியில் வைக்கிற துணிச்சல் 200 வருஷத்துக்கு முன்பே சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவருக்கு இருந்தது. அதே கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளம்தான் திப்பு சுல்தானோடு சண்டை போட வந்து 1791 ஜூலையில் ஓசூர்க் கோட்டையைப் பிடித்தது. கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனிக்குப் போயிற்று. 1799-இல் திப்பு இறந்த பிறகு ஓசூரும் போயிற்று. மைசூர்க்காரர்களாக இருந்த நாங்கள் சேலம் ஜில்லாக்காரர்கள் ஆனது அப்படித்தான். 1965-இல் தர்மபுரி மாவட்டம் ஆனோம், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனோம். எல்லைக்கோடு எங்கே போனாலும் எங்கள் வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். அது மாறவேயில்லை.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். அவர் எழுதி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய "குறை ஒன்றும் இல்லை" ஒரு ராகமாலிகை. சிவரஞ்சனியில் தொடங்கி, காபிக்குப் போய், சிந்து பைரவியில் முடியும். கடையநல்லூர் வெங்கடராமன் மெட்டமைத்தார். எங்கள் பக்கத்து பஜனைக் கூட்டங்களில் அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு பாட்டு நடுவழியில் முகம் மாறும் என்பது சின்ன வயதிலேயே பழகிப்போகும்.

அப்புறம் ரேடியோ. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இரவில் எங்கள் மேட்டு நிலத்திலும் எடுக்கும். அதில் "இசையும் கதையும்" என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் ஒரு சின்னக் கதை எழுதி, எந்த இடத்தில் எந்த சினிமாப் பாட்டு வர வேண்டும் என்று குறித்து அனுப்புவார்கள். கதையின் நடுவே பாட்டு வரும், பாதியில் நிற்கும், கதை தொடரும். கேட்கிற ஆள் இசையை அடுக்கலாம் என்பதை எங்கள் தலைமுறைக்குச் சொன்னது அந்த நிகழ்ச்சி. சீட்டு எழுதுகிறவர்களில் ரொம்ப நுணுக்கமாக எழுதுகிறவர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் இலங்கை வானொலிக்குக் கடிதம் போட்டவர்களாக இருப்பார்கள்.

கச்சேரி என்றால் எங்களுக்கு மூன்று சீசன். பங்குனியில் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேர், அதை ஒட்டிச் சுற்று கிராமங்களின் மாரியம்மன் பண்டிகைகள். புரட்டாசி, ஐப்பசியில் ஆயுத பூஜை, பட்டறைக்குப் பட்டறை பந்தல். நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம் வந்தால் அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கத்து மேடைகள். தேர்க் கச்சேரிக்கு வருகிறவர்களில் மூன்று மொழிக்காரர்களும் இருப்பார்கள். தமிழ்ப் பாட்டு தொடர்ந்து மூன்று போனால் தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துக்காரர்கள் கன்னடம் கேட்டுக் குரல் கொடுப்பார்கள். கன்னடம் இரண்டு போனால் பாகலூர், பேரிகைக்காரர்கள் தெலுங்கு எங்கே என்பார்கள். முழுப் பாட்டாகப் பாடினால் ஒரு கூட்டத்துக்கு நாலரை நிமிஷம் வேலை இல்லை. பிட் அந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது. யாரையும் காக்க வைக்காமல் எல்லோருக்கும் பாட வேண்டுமானால் ஒரே பாட்டுக்குள் மூன்று மொழியும் வந்தாக வேண்டும்.

இதற்கு எங்களுக்கு முதல் துணை பி.பி. ஸ்ரீநிவாஸ். காக்கிநாடாவில் பிறந்த தெலுங்குக்காரர். தமிழில் ஜெமினி கணேசனுக்குக் குரல், கன்னடத்தில் ராஜ்குமாருக்குக் குரல். 1974-இல் "சம்பத்திகெ சவால்" படத்தில் ராஜ்குமாரே பாடத் தொடங்கும்வரை கன்னட நாட்டுக்கு ராஜ்குமார் பாடுகிற குரல் என்றால் பெரும்பாலும் இவர் குரல்தான். எங்கள் குழுவில் ஸ்ரீநிவாஸ் பாட்டு மட்டுமே பாடுகிற ஒருவர் இருந்தார். ஜெமினி பாட்டு பாடும்போது பேன்ட் பைக்குள் ஒரு கை, ராஜ்குமார் பாட்டு வரும்போது அந்தக் கை வெளியே வந்து நெஞ்சுக்கு நேரே எழும். குரல் மாறாது, கைதான் மாறும். கூட்டம் அந்தக் கைக்காகவே காத்திருக்கும். அவரிடம் ஒரு தடவை யாரோ சீட்டு அனுப்பினார்கள்: "பல்லவி ஜெமினி, அனுபல்லவி ராஜ்குமார், கை நடுவில் இருக்கட்டும்." எழுதினது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அப்படியே பாடினார்.

இரண்டாவது துணை இளையராஜா. 1981-இல் சங்கர் நாக் இயக்கி நடித்த "கீதா" கன்னடப் படத்துக்கு அவர் இசை. அதில் வருகிற டூயட் இன்றைக்கும் கர்நாடகத்தில் ஆட்டோக்காரர் முதல் ஐ.டி. கம்பெனி மேனேஜர்வரை பாடுகிற பாட்டு. அதே மெட்டு 1984-இல் மணிவண்ணன் இயக்கிய "நூறாவது நாள்" படத்தில் தமிழில் வந்தது. 2007-இல் பால்கியின் "சீனி கம்" படத்தில் இந்திக்கும் போயிற்று. ஒரே மெட்டு, அதற்குக் கன்னட வார்த்தையும் உண்டு, தமிழ் வார்த்தையும் உண்டு. எல்லையில் கச்சேரி பண்ணுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தொடக்கத்தில் பல்லவி கன்னடம், சரணம் தமிழ் என்று பாடினோம். சீட்டுகள் அதைச் சும்மா விடவில்லை. ஆண் குரல் கன்னடம், பெண் குரல் தமிழ் என்று பிரிக்கச் சொன்னார்கள். அப்படிப் பாடினால் அது வேறு பாட்டாகிவிடுகிறது. ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரிந்திருந்தும் தன் மொழியிலேயே பதில் சொல்கிற இருவர் பாட்டு. எங்கள் ஊரில் அப்படிப் பேசிக்கொள்கிற புருஷன் பெண்டாட்டி தெருவுக்கு இரண்டு வீடாவது இருப்பார்கள். சங்கர் நாக் 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே பக்கம் கார் விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பாடாமல் அத்திப்பள்ளி மேடையிலிருந்து எங்களால் இறங்கவே முடிந்ததில்லை.

தேர்க் கூட்டம் மொழியை ஒட்டச் சொன்னது என்றால், ஆயுத பூஜைக் கூட்டம் கேட்டது வேறு. 1970களில் சிப்காட் வந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் வந்தது, அதே வருஷம் டிவிஎஸ் 50 ஓடத் தொடங்கியது. டாட்டாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் கைக்கடிகாரம் செய்ய வந்தது. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பையன்களும் பெண்பிள்ளைகளும் வேலைக்கு வந்து இறங்கினார்கள். ஐந்து பேர் ஆறு பேராக ரூம் எடுத்துத் தங்கினார்கள். வருஷம் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்கிறவர்களுக்கு ஆயுத பூஜைதான் திருநாள். மெஷினுக்குச் சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுத்து, சாயங்காலம் பந்தலில் கச்சேரி. அந்தக் கூட்டத்தில் சீட்டு எழுதுகிறவர்கள் தாளக்காரர்கள். பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவருக்கு நாள் முழுக்கக் காதில் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். "எங்க பிரஸ் போடற தாளத்துல இந்தப் பாட்டு வரும்ணா, நீங்க கொஞ்சம் ஸ்பீடா வாசிக்கிறீங்க" என்று ஒருவர் என்னிடம் வந்து சொல்லி, டேபிளில் தட்டியும் காட்டினார். அவர் தட்டினது மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ரம், சுத்தமான திஸ்ரம். அன்றைக்கு ஆக்டோபேட் என்கிற எலக்ட்ரானிக் டிரம் வாசிக்கிற எங்கள் ஆள் அவர் சொன்ன வேகத்துக்கே இறங்கி வாசித்தான். பாட்டு நன்றாகவே உட்கார்ந்தது.

எனக்கு வந்த சீட்டுகளிலேயே உசத்தி என்று நான் நினைப்பது 1990களின் தொடக்கத்தில் ஒரு ஆயுத பூஜைக் கச்சேரியில் வந்தது. எழுதினவர் ஒரு பெண். கையெழுத்து மணி மணியாக இருந்தது. "டிவியில் டைட்டன் வாட்ச்சுக்கு வரும் மியூசிக்கை முதலில் வாசித்து, அதிலிருந்து ஜானி படத்தில் ஜானகி அம்மா பாடும் காற்று பாட்டுக்குப் போகவும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது." அவ்வளவுதான்.

அந்த விளம்பர இசை மோட்சார்ட்டுடையது. 25-ஆவது சிம்பொனியின் முதல் பகுதி. 1773-இல், பதினேழு வயதில், சால்ஸ்பர்க்கில் எழுதினார். அப்போது ஓசூர் ஹைதர் அலியின் மைசூரைச் சேர்ந்தது. விளம்பரக்காரர்கள் அதை எடுத்துப் போட்டபோது நாடு முழுக்க அது கைக்கடிகார மெட்டு ஆகிவிட்டது. எங்கள் ஊரில் செய்கிற வாட்ச் என்பதால் அந்த மெட்டும் எங்கள் ஊர் மெட்டுதான் என்று குழந்தைகள்கூட நினைத்தார்கள். ஆனால் அது ஜானகி பாட்டோடு சேரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீபோர்டில் அடக்கி வாசித்துப் பார்த்தேன். அந்த சிம்பொனியின் சுருதி ஜி மைனர். ஜி என்றால் நம் கணக்கில் அஞ்சு கட்டை. தொடக்கத்தில் நாலு சுரம்தான் முக்கியம். ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் அவை ச, ப, த, நி. தைவதம் சுத்த தைவதம், நிஷாதம் காகலி நிஷாதம். ஒவ்வொரு சுரத்தையும் வயலின்கள் தாளத்தின் அடி விழுகிற இடத்தில் அடிக்காமல், அதற்குப் பக்கத்தில் தட்டித் தட்டிப் போகும். அந்தத் தவிப்புதான் அந்த மெட்டின் உயிர். சுத்த தைவதமும் காகலி நிஷாதமும் சேர்ந்து வந்து, மேலே மைனரும் ஆகிவிட்டால் கர்நாடக சங்கீதத்தில் அது போய்ச் சேருகிற வீடு கீரவாணி. மேளகர்த்தாவில் 21-ஆவது. வெள்ளைக்காரர்கள் ஹார்மோனிக் மைனர் என்பதும் இதே சுரங்கள்தான். 1980-இல் வந்த "ஜானி"யில் ஜானகி பாடும் அந்தப் பாட்டும் கீரவாணி. எங்கள் பாடகி பாடுகிற சுருதியும் அஞ்சு கட்டை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. நிஷாதத்தில் நிறுத்தி, அடுத்த ஷட்ஜத்தை நான் தொடாமல் விட்டேன். அந்த ஷட்ஜத்தைப் பாடகி பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் போனார்.

பந்தலில் ஒரு நொடி யாரும் கத்தவில்லை. பிறகு வாட்ச் அசெம்பிளியில் வேலை செய்கிற பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து விசில் வந்தது. சீட்டு எழுதினவள் சங்கீதம் படித்தவள் இல்லை, ராகத்தின் பேர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மூக்குக்கண்ணாடி மேல் லூப் மாட்டி நுண்ணிய சக்கரங்களை அடுக்குகிற ஒருத்தி இரண்டு காலத்தின், இரண்டு கண்டத்தின் இசைக்கு நடுவே இருந்த கதவைக் காதாலேயே கண்டுபிடித்திருக்கிறாள். 1986-இல் இளையராஜா "ஹவ் டு நேம் இட்" என்று ஒரு ஆல்பம் வெளியிட்டு, பாக்குக்கும் தியாகராஜருக்கும் சமர்ப்பணம் செய்தார். அதில் பாக்கின் வயலின் இசையையும் நம் ராகங்களையும் ஒன்றோடொன்று பேச வைத்திருப்பார். அது மேதை செய்த காரியம். அந்தச் சீட்டு எழுதினவள் செய்ததும் அதே திசையில் இன்னொரு காரியம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பிறகு பல வருஷம் எங்கள் ஆயுத பூஜைக் கச்சேரிகளில் ஜானிக்கு முன்னால் மோட்சார்ட் வந்துகொண்டே இருந்தார். கீரவாணி என்று தெரிந்ததும் "ரெட்டைவால் குருவி"யில் ஜேசுதாஸ் பாடிய ராஜா பாட்டையும் பின்னால் கோத்துக்கொண்டோம். அது நாங்கள் சேர்த்தது. வாசலைத் திறந்தது அவள்.

இந்த ஒட்டு எல்லாம் நின்றுபோன காலமும் உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 1991 டிசம்பரில் அரசிதழில் வந்தபோது பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாக மூட்டையோடு ஓசூரில் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கினார்கள். அதற்கடுத்து வந்த தேர்க் கச்சேரியில் கன்னடப் பாட்டு வேண்டாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. கர்நாடகப் பக்கத்து மேடைகளிலிருந்து எங்களுக்கு அழைப்பே வரவில்லை. எங்கள் டிரம்மர் கன்னடக்காரர், ஆனேக்கல்லிலிருந்து வருகிறவர். சில மாதம் வரவில்லை. 2000 ஜூலை 30 அன்று தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரில் தன் வீட்டிலிருந்த ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப் போனான். ராஜ்குமார் 108 நாள் காட்டில் இருந்தார். அந்த 108 நாளும் எல்லையின் இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தன. நவம்பர் 15 அன்று அவர் விடுதலையானார். ராஜ்குமார் பிறந்த காஜனூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. கன்னடத்தின் பெரிய நட்சத்திரம் பிறந்த ஊரே எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது பாட்டைப் பிரித்து வைப்பது எப்படி?

ஒவ்வொரு தடவையும் பாட்டை மறுபடி ஒட்ட வைத்தது சீட்டுகள்தான். 1991-க்குப் பிறகு கன்னடப் பாட்டைக் கேட்டு முதலில் வந்த சீட்டு யாரிடமிருந்து வந்தது தெரியுமா? பெங்களூரிலிருந்து தப்பி வந்து ஓசூரிலேயே தங்கிவிட்ட ஒரு தமிழ்ப் பெரியவரிடமிருந்து. ஸ்ரீராமபுரத்தில் நாற்பது வருஷம் வாழ்ந்தவர். "ராஜ்குமார் பாட்டு முழுசா வேண்டாம் தம்பி, சண்டை வந்துடும். நடுவுல கொஞ்சம் போடு, எனக்கு மட்டும் தெரியற மாதிரி" என்றார். ஜெமினி பாட்டின் இடையிசை வருகிற இடத்தில் ராஜ்குமார் பாட்டின் மெட்டைக் கீபோர்டில் மட்டும், வார்த்தை இல்லாமல் வாசித்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். 2016 செப்டம்பரில் மறுபடி கலவரம் வந்தது. பஸ்கள் எல்லையில் நின்று, சனம் ஜுஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அதற்குப் பிறகும் இதே முறைதான் கைகொடுத்தது. வார்த்தை போக முடியாத இடத்துக்கு மெட்டு மட்டும் போகும்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் ஒலி மாசு விதிகள் வந்தன. அது எங்கள் கச்சேரியின் உருவத்தையே மாற்றியது. அதுவரை கச்சேரி ஒன்பது மணிக்குத் தொடங்கி இரண்டு மணிவரை போகும். பி ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு மேல் வருகிறவர்களுக்கென்றே இரண்டாவது பாதி இருந்தது. விதி கெடுபிடியானதும் பி ஷிப்ட்காரர்களுக்குக் கச்சேரியே இல்லாமல் போயிற்று. அவர்கள் ஏ ஷிப்ட் நண்பர்களிடம் சீட்டைக் கொடுத்தனுப்பினார்கள், செல்போன் வந்த பிறகு மேடையில் வாசிப்பதைப் போன் வழியாகக் கேட்டார்கள். மூன்று மணி நேரத்துக்குள் இருநூறு சீட்டு வந்தால் முழுப் பாட்டு எங்கே பாடுவது? அதன் பிறகுதான் எல்லோரும் மெட்லிக்குப் போனார்கள். பத்து பாட்டின் பல்லவிகளை வரிசையாக ஓட்டுவது சுலபம், கூட்டமும் ஆடும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பாட்டின் வயிற்றுக்குள் இன்னொன்று இருப்பதைக் கண்டுபிடிக்கிற சுகம் அதில் கிடையாது.

இப்போது சீட்டு எழுதுகிறவர்கள் வேறு பையன்கள். எலக்ட்ரானிக் சிட்டிக்கும் சிப்காட்டுக்கும் பைக்கில் போய் வருகிறவர்கள். இவர்களுடைய அண்ணன்மார் 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸையும், 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டனையும், 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகாவையும் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பார்த்தவர்கள். மெட்டாலிகா வந்த அன்றைக்கு எங்கள் ஆக்டோபேட் ஆளின் மகனும் அவன் கூட்டாளிகளும் ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கறுப்பு டி-ஷர்ட்டில் கிளம்பிப் போனார்கள். முந்தாநாள் டெல்லிப் பக்கம் நடக்க வேண்டிய கச்சேரி ரத்தாகிப்போனதால் அங்கிருந்தும் ஆட்கள் ரயிலேறி வந்து சேர்ந்தார்களாம்.

அந்தக் குழு சில வருஷம் கழித்து ஒரு வழக்கம் தொடங்கியது. எந்த ஊருக்குப் போனாலும் கிடார்க்காரர் கிர்க் ஹாமெட்டும் பேஸ் வாசிக்கிற ராபர்ட் ட்ருஹியோவும் நடுவில் தனியாக நின்று அந்த ஊர்ப் பாட்டு ஒன்றை வாசிப்பார்கள். 2018-இல் பிராகாவில் செக் மொழியின் ஒரு பழைய வேடிக்கைப் பாட்டை வாசிக்க, அரங்கமே கூடப் பாடியது. 2019-இல் மாஸ்கோவில் கினோ குழுவின் பாட்டு. அதைப் பார்த்த நாளிலிருந்து நம் பையன்களுக்கு ஒரே பேச்சு: மெட்டாலிகா மறுபடி பெங்களூர் வந்தால் எதை வாசிக்க வேண்டும்?

ஒருத்தன் "பயணங்கள் முடிவதில்லை" படத்தின் கிடார் பாட்டு என்கிறான். கிடார்க்காரனுக்கு அது தீனிதான், ஆனால் பெங்களூர் மைதானத்தில் பாதிப் பேருக்கு வார்த்தை தெரியாது. இன்னொருத்தன் மணிரத்னத்தின் முதல் படமான "பல்லவி அனுபல்லவி"யின் பின்னணி இசை என்கிறான். 1983-இல் வந்த கன்னடப் படம், இசை இளையராஜா. பின்னால் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் வந்து நாடெங்கும் தெரிந்த மெட்டு. வார்த்தையே இல்லாததால் யாரும் தன் மொழி இல்லை என்று சொல்ல முடியாது. ஆக்டோபேட் ஆளின் மகன் "கீதா" படத்து டூயட்தான் என்று பிடிவாதமாக நிற்கிறான். மைதானத்தில் கன்னடப் பையன்கள் ஒரு மொழியில் எடுப்பார்கள், நாம் தமிழில் பதில் சொல்வோம், ஹாமெட் எதற்கு வாசிக்கிறோம் என்று தெரியாமலே இரண்டுக்கும் வாசிப்பார் என்கிறான்.

என் கட்சியும் அவன் கட்சிதான். சொன்னதோடு நிற்காமல் செய்து பார்த்துவிடுவோம் என்று சென்ற மாதம் அவன் கிடாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தால் அந்த மெட்டின் குழைவு போய்விடுகிறது. டிஸ்டார்ஷனை எடுத்துவிட்டு வாசித்தால் ராக் மேடைக்குப் போதவில்லை. கடைசியில் பல்லவியைச் சுத்தமான கிடாரில் வைத்து, இடையிசைக்கு மட்டும் டிஸ்டார்ஷனைத் திறந்தோம். அந்த இடத்திலிருந்து மெட்டாலிகாவின் பாட்டு ஒன்றுக்குப் போக அவன் ஒரு வழி வைத்திருக்கிறான். எந்தப் பாட்டு என்று சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். டிரம்ஸ் உள்ளே வருகிற இடத்தில் எனக்கும் அவனுக்கும் இன்னும் தகராறு. ரெண்டாவது அடியில் வர வேண்டும் என்பது என் கணக்கு, நாலாவதில் என்பது அவனுடையது. வருகிற ஆயுத பூஜைக்கு சிப்காட் இரண்டாம் கட்டத்தில் ஒரு பந்தலில் எங்களுக்குக் கச்சேரி இருக்கிறது, ஆறு மணிக்கு ஆரம்பம். இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டி, எது சரி என்று சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லப் போகிறோம்.